கொசு குறையும் மாதத்தில் டெங்கு ஏன் கூடுகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் ராத்திரி தூங்கவே முடியாத அளவுக்குக் கொசு. ஜூன் வந்தால் குறைந்துவிடுகிறது. ஆனால் போன வருஷம் ஜூலையில்தான் பையனுக்கு டெங்கு வந்தது. லிக்விட் மெஷின் ராத்திரி முழுக்க ஓடுகிறது, தெருவில் புகையும் அடிக்கிறார்கள். எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்களைக் கடிப்பவை இரண்டு வேறு வேறு கொசுக்கள். அவற்றுக்குக் காலமும் வேறு, நேரமும் வேறு, வளரும் தண்ணீரும் வேறு.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் காதருகே ரீங்காரமிடுவது கியூலெக்ஸ். சாக்கடை, ராஜகாலுவை (பெரிய மழைநீர்க் கால்வாய்), ஏரியோரம் தேங்கிய அழுக்குத் தண்ணீர்தான் அதன் வீடு. மழையில்லாத மாதங்களில் ஓட்டம் நின்று கழிவுநீர் தேங்கும்போது பெருகும். ஜூனில் நல்ல மழை பெய்தால் புழுக்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் சொல்லும் "குறைந்துவிட்டது" அதுதான். தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் இந்தக் கொசு டெங்குவைப் பரப்பாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கே ஜன்னலைச் சாத்தி, ராத்திரி வலை கட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஜூலையில் பையனைக் கடித்தது ஏடிஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். செத்துக் கிடப்பதை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் இதன் உச்சம். கணுக்காலைத்தான் அதிகம் தேடும். வீட்டுக்குள் நாலைந்து இருந்தாலே போதும். ஒரு வேளை ரத்தத்துக்கு ஒரே ஆளிடம் நிற்காது, கொஞ்சம் அசைந்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும். அதனால் எண்ணிக்கையை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். உங்கள் லிக்விட் மெஷின் ஓடும் ராத்திரியில் இது பெரும்பாலும் கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஓய்வெடுக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை மெஷினைக் காலையில் எழுந்ததும் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை போடுங்கள்.

டெங்குக் காலம் உண்மையில் ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், டேங்கர் எப்போது வரும் தெரியாது, அதனால் வீட்டுக்கு வீடு டிரம். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். முதல் கோடை மழையிலோ அடுத்த முறை டிரம்மை நிரப்பும்போதோ அந்த முட்டைகள் நனைந்து பொரிக்கும். கொசுவாக வெளியேற ஒரு வாரம் முதல் பத்து நாள். பலர் தவறுவது இங்கேதான்: தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்ப நிரப்புகிறார்கள். முட்டை சுவரிலேயே இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாளை நிச்சயித்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் காலிசெய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் சோப்புப் போட்டு, தண்ணீர் மட்டம் நின்ற கோட்டை அழுத்தித் தேயுங்கள். கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். பிறகு வேட்டித் துணியை வாய்க்கு மேல் இறுக்கி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டுக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் பயனில்லை. பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள்; நடுவில் பள்ளம் விழுந்து மழைநீர் நிற்கும், அந்தப் பள்ளமே கொசுவுக்குப் போதும்.

சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, வாராவாரம் கழுவ முடியாது. அதை அடைத்துவைப்பதுதான் வழி. இரும்பு மூடியின் விளிம்பு இடைவெளி, கைப்பிடி ஓட்டை, ஓவர்ஃப்ளோ குழாய் மூன்றையும் பாருங்கள். குழாய்க்கு 1.2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலை. உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: மூடியைத் திறந்ததும் நிழல் விழுந்து புழுக்கள் கீழே போய்விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். தலைகீழாகத் தொங்கியபடி மேலே வருபவை நல்ல தண்ணீரில் பெரும்பாலும் ஏடிஸ். நீர்ப்பரப்போடு படுத்தபடி கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ். எந்தப் புழு இருந்தாலும் மாநகராட்சி சுகாதாரப் பணியாளரை அழையுங்கள். அவர்கள் போடும் ஒரு சதவீத டெமிஃபாஸ் (புழுவைக் கொல்லும் மருந்து) மணல் குருணைக்கு அளவு 10 லிட்டருக்கு 1 கிராம், அதாவது 1000 லிட்டர் சம்ப்புக்கு 100 கிராம். கண்மதிப்பில் அள்ளிப் போட விடாதீர்கள்.

மற்றவை சின்னவை: ஃப்ரிட்ஜின் பின்தட்டு, தொட்டிச்செடியின் அடித்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் சொட்டும் இடம். ஏடிஸ் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. ஆக, உங்கள் கட்டிடமும் அக்கம்பக்கமும்தான் அதன் ஊற்று. ஓனர் தயங்கினால் அவரிடம் சொல்ல ஒரு விஷயம் உண்டு: 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளரவிடும் வீடுகளுக்கு அபராதமும் வைத்தது. பக்கத்தில் கட்டிட வேலை நடந்தால் லிஃப்ட் குழியில் நிற்கும் தண்ணீரைக் கேட்டுப் பாருங்கள்; ஒரு தெருவுக்கே போதுமான கொசு அங்கிருந்து வரும்.

புகை, பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். புழுவைத் தொடாது, ஏடிஸ் வீட்டுக்குள் மறைவில் இருப்பதால் பல தப்பிவிடும். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதற்கு அர்த்தம் உண்டு. வாடிக்கையாக அடிப்பதை நம்பி டிரம்மை விட்டுவிடாதீர்கள்.

பையன் பள்ளிக்குப் போகும்போது முழுக்கால்சட்டை, சாக்ஸ். டீட் (DEET) அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டி லோஷனைக் கணுக்கால், கழுத்து, முழங்கைக்குத் தடவுங்கள். உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவினால் கண்ணுக்குப் போகும். வியர்த்தால் சீக்கிரம் கலைந்துவிடும்.

இன்னொன்று, யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் ஐந்து நாள் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அந்நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு, ஒன்றரை வாரம் போல ஆனதும் வீட்டில் மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபூபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.