ஓரம் இல்லாத படிவம்

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். இப்போது ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் செய்துகொண்டிருக்கிறோம். ‘தந்தை / கணவர் பெயர்’, ‘மதம்’, ‘பாலினம்’ இதையெல்லாம் கேட்க வேண்டுமா, கேட்டால் எப்படிக் கேட்பது என்று டீமில் பெரிய வாக்குவாதம். என் தாத்தாவுக்குச் சரியாக இருந்த பல விஷயங்கள் எனக்குத் தப்பாகத் தெரிகின்றன. நான் இன்று சரியென்று எழுதுவது என் பிள்ளைகளுக்குத் தப்பாகத் தெரியலாம். அப்படியென்றால் நம் மதிப்பீடுகள் எதையும் உள்ளே விடாமல், நடுநிலையாகச் செய்துகொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதானே நேர்மை?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நடுநிலையான படிவம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் திருவிதாங்கூரில் கணினி இருந்து, ஊர்மக்களைப் பதிவு செய்ய யாரோ ஒருவர் மென்பொருள் எழுதியிருந்தால், எந்தப் பெண் தோளில் சீலை போடலாம், யார் கோயிலுக்குள் போகலாம் என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருந்திருக்கும். எழுதியவர் அதை நடுநிலை என்றுதான் நினைத்திருப்பார், ஏனென்றால் அவர் கண்ணுக்கு உலகம் அப்படித்தான் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச உத்தரவு 1859-இல் வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. கோயில் நுழைவுக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் தெரு அக்கா ஒருவரோடு, அவர் மகளுக்கு ஒரு விண்ணப்பம் போட ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புருஷன் விட்டுப்போய்ப் பன்னிரண்டு வருஷம், அந்தப் பெயர் மகளின் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது என்பது அக்காவின் தீர்மானம். திரையில் ‘தந்தை பெயர்’ கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் வரவே இல்லை. உட்கார்ந்திருந்த பெண் நல்லவர், “எனக்குப் புரியுதுக்கா, ஆனா இது விடமாட்டேங்குது” என்றார். கடைசியில் அக்காவே தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல, அந்தப் பெண் தட்டச்சு செய்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் தாய் மட்டும் வளர்க்கும் பிள்ளைகள் பான் கார்டில் தந்தை பெயர் தர வேண்டாம் என்று 2018-இலேயே விதி மாறியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் அதற்கும் முன்பே.

காகிதப் படிவத்தில் ஓரம் என்று ஒன்று இருந்தது. மனசுள்ள குமாஸ்தா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘தாய் மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார். விதி மாறும் முன்பே மனுஷர்கள் மாறிக்கொள்ள அங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது. கணினி வந்து வேலை வேகமானபோது அந்த இடம்தான் போய்விட்டது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை.

டச்சுக்காரர்கள் என்றால் நமக்கு 1741 குளச்சல் போரும் அதில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்த டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் இருக்கும் கல்லறையும்தான் ஞாபகம் வரும். அவர்கள் நாடான நெதர்லாந்தில் நடந்த இரண்டு விஷயங்கள் உங்கள் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானவை. 1953-இல் கடல் உள்ளே புகுந்து அங்கே 1,836 பேர் இறந்தார்கள். கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தை ஒரே அணையாகக் கட்டி அடைத்துவிடுவது என்று திட்டம் போட்டார்கள். இருபது வருஷத்துக்குள், அடைத்தால் உப்புநீர் போய்விடும், சிப்பியும் மீனும் அதை நம்பிய பிழைப்பும் அழியும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்து நின்றார்கள். திட்டத்தை மாற்றினார்கள், செலவு கூடியது. 1986-இல் திறந்த அந்தத் தடுப்பில் 62 இரும்புக் கதவுகள் இருக்கின்றன. சாதாரண நாளில் திறந்தே இருக்கும், புயல் வந்தால் மூடும். உயிர் முக்கியம் என்பதை அவர்கள் விட்டுவிடவில்லை, கூடவே இன்னொன்றுக்கும் வழி வைத்தார்கள். மதிப்பீடுகள் மாறும் என்று தெரிந்தே எப்படி வடிவமைப்பது என்பதைப் பற்றி டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் இபோ வான் டெ பூல் நிறைய எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். நம் கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுகள் ஞாபகம் வரும். அலைதடுப்புச் சுவர் வீட்டைக் காப்பாற்றுகிறது, சரி. வள்ளம் ஏற்றிவைக்கவும் வலை காயப்போடவும் இருந்த மணல் எங்கே?

இரண்டாவது விஷயம் கசப்பானது. அதே நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அதை எழுதவில்லை, ஒழுங்கான நிர்வாகம், அவ்வளவுதான். 1940-இல் நாஜிகள் வந்தார்கள், பதிவேடு தயாராக இருந்தது. அந்த நாட்டு யூதர்களில் முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களைத் தேடிப் பிடிக்க அந்தப் பதிவேடு உதவியது. 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தையே சிலர் குண்டு வைத்து எரிக்கப் பார்த்தார்கள், பிடிபட்டவர்களில் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மதிப்பீடு மாறும் என்று நாம் சொல்லும்போது நல்லதாகவே மாறும் என்று எடுத்துக்கொள்கிறோம். கீழேயும் போகும் தம்பி.

அதனால் மதம் என்ற கட்டத்தை எடுத்தே விடுங்கள். சாப்பாட்டுக்கோ சடங்குக்கோ தெரிய வேண்டியிருந்தால் வார்டில் அந்த நேரத்தில் வாயால் கேட்டுக்கொள்ளட்டும். தந்தை / கணவர் பெயருக்குப் பதிலாக ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்’ என்று கேளுங்கள், மருத்துவமனைக்கு வேண்டியது அதுதான். பாலினத்தை ஆண், பெண் என்று இரண்டே விடையாக நிரலுக்குள் இறுக்கிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014-இல், அதற்குப் பிறகும் இப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பட்டியலைத் தனியாக வையுங்கள், உங்களைக் கூப்பிடாமல் மருத்துவமனைக்காரர்களே ஒன்றைச் சேர்க்க முடிய வேண்டும்.

அப்புறம் அந்த ஓரம். எல்லாக் கட்டத்துக்குப் பக்கத்திலும் ‘பொருந்தவில்லை’ என்று அழுத்தி, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போக வழி கொடுங்கள். மாதம் ஒருமுறை அந்த வரிகளை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் படிவத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்க டெக்னோபார்க் ஆட்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள். முட்டத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா, அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர், நாகர்கோவிலில் இருந்து ஒரு திருநங்கை, இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டலாம். நான் வருகிறேன். எங்கள் தெரு அக்காவையும் கேட்டுப் பார்க்கிறேன், வருவார் என்றுதான் நினைக்கிறேன்.