விடால் பாசிட்டிவ் என்றால் கிருமி உள்ளேயே இருக்கிறதா?

மூன்று வருடம் முன்பு டைஃபாய்டு வந்துபோன பிறகும், விடால் என்ற டைஃபாய்டு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுப் பிள்ளைகளுக்கு டைஃபாய்டு வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம், இல்லையா அம்மா? அந்த விடால் ரிப்போர்ட்டை வைத்து அப்படிப் பயப்படாதீர்கள். விடால் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை, கிருமியை எதிர்க்க உடம்பு எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. மூன்று வருடம் முன்பு வந்த டைஃபாய்டு, போட்ட தடுப்பூசி, ஏன், மலேரியாகூட அதில் பாசிட்டிவ் காட்டலாம். காய்ச்சலே இல்லாமல் வருடா வருடம் அதை எடுப்பதும், ரிப்போர்ட்டில் எதிர்ப்பொருளின் அளவு 1:160 என்று பார்த்ததும் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் இத்தோடு நிற்கட்டும். அந்த மாத்திரை இல்லாத நோயைக் குணப்படுத்தாது, நாளைக்கு நிஜமாகவே டைஃபாய்டு வந்தால் கேட்காமல் போகலாம்.

ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் பித்தப்பையில் கல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டைஃபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கி, அவர்களை ஒன்றும் செய்யாமல், மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கல் இருந்தால் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், மருந்து எளிதில் எட்டாது. தனக்கு நோய் தெரியாமலே பலருக்கு டைஃபாய்டைப் பரப்பியவர் என்று நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த நியூயார்க் சமையல்காரர் மேரி மாலனிடம் 1907-ல் கிருமியைக் காட்டிக்கொடுத்தது மலப் பரிசோதனைதான். உங்களுக்கும் அதுதான் தேவை. கடைசியாக மாத்திரை விழுங்கிச் சில வாரம் கழித்து, வெவ்வேறு நாட்களில் மலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, கொடுங்கள், கிருமி தினமும் வெளியேறாது என்பதால் ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாது. பாசிட்டிவ் என்றால் எந்த மருந்து கேட்கும் என்பது அதிலேயே தெரியும், பல வாரம் சாப்பிட வேண்டியிருக்கும், தேவைப்பட்டால் பித்தப்பையை எடுப்பார்கள். அதுவரை கழிவறை போய்வந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுச் சமையுங்கள். சட்னி, தயிர்சாதம், நறுக்கிய பழம் போன்ற சூடுபடாதவற்றை வேறு யாராவது கையாளட்டும். கொதிக்கிற சாம்பாரில் அந்தக் கிருமி பிழைக்காது.

குடிக்கிற கேன் தண்ணீரைச் சோதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை லேபுக்கு அனுப்ப வேண்டாம். அங்கே வழக்கமாகப் பார்ப்பது மலம் கலந்ததற்கு அடையாளமான கோலிஃபார்ம், இ.கோலை கிருமிகளைத்தான், அதுவும் அந்த ஒரு கேனுக்கு மட்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் விடாமல் அடித்தால், ஆன்டிபயாடிக் தொடுவதற்கு முன்பே டாக்டரிடம் போய் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். மாத்திரை உள்ளே போனபின் எடுத்தால், கிருமி இருந்தும் வளராமல் போகலாம்.