பீரோவுக்குள் ஒரு காது

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. செல்லூரில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு காதும் மந்தம். 2016-ல் வாங்கிய காது மெஷின் அடிக்கடி ‘கூய்’ என்று கத்துகிறது. பேட்டரி வீணாகக் கூடாது என்று, யாராவது வந்தாலோ விசேஷம் என்றாலோ மட்டும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டிவிடுவோம். அப்போதும் பத்து நிமிடத்தில் அவரே கழற்றிவிடுகிறார். இப்போது ப்ளூடூத், சார்ஜர், ஆப் எல்லாம் உள்ள புது மாடல் பார்த்தோம். ஆப்பை என் போனில் போட்டு நானே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாமாம். ஜோடி 1,60,000 ரூபாய். அவ்வளவு போடலாமா? ஒரு காதுக்கு மட்டும் வாங்கினால் போதாதா?
- ஒரு வாசகர், திருப்பாலை, மதுரை

பதில்: தம்பி, விலைக்கு அப்புறம் வருகிறேன். “யாராவது வந்தால் மட்டும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டிவிடுவோம்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதில் நின்றுவிட்டேன். வருகிறவர்கள் பேசுவது அம்மாவுக்குக் கேட்க வேண்டும். நீங்களும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பேசுவது கேட்க வேண்டாம். அப்படித்தானே? பட்டுச்சேலையும் காதும் ஒரே தட்டில் இருக்கிறது உங்கள் வீட்டில்.

பேட்டரியை மிச்சம் பிடித்ததாக நினைக்கிறீர்கள். அதுவும் கிடையாது. அந்தப் பொத்தான் பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்வது. மேலே ஒட்டியிருக்கும் கலர் ஸ்டிக்கரை உரித்த நிமிடமே உள்ளே காற்று போக ஆரம்பிக்கும். அதற்கப்புறம் காதில் இருந்தாலும் பீரோவில் இருந்தாலும் சில வாரங்களில் அது தீர்ந்துதான் போகும். ஆறு பேட்டரி உள்ள ஓர் அட்டை, நீங்கள் நாலு பேர் ஒரு சாயங்காலம் ஜிகர்தண்டா குடிக்கிற காசு. அந்தக் காசுக்கா அம்மாவை ஒன்பது, பத்து வருடம் ஊமைப்படம் பார்க்க வைத்தீர்கள்?

பத்து நிமிடத்தில் ஏன் கழற்றுகிறார் என்பதற்குப் பதிலும் அந்த வரியிலேயே இருக்கிறது. காது மெஷின் கண்ணாடி மாதிரி கிடையாது, மாட்டியவுடன் பளிச்சென்று தெரிய. வருடக்கணக்கில் சத்தம் போகாமல் இருந்த மூளை, பாத்திரம் உருளுவது எது, பேச்சு எது என்று மறுபடி பழக வேண்டும். சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அமைதியான வீட்டில், தெரிந்த குரல்களோடு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டித்தான் அந்தப் பழக்கம் வரும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் நாளாகப் பார்த்து மாட்டிவிடுகிறீர்கள். நல்ல காது உள்ளவர்களுக்கே தலை வலிக்கும் இடம் அது. நீச்சல் தெரியாதவரை வைகையில் வெள்ளம் வரும் நாளில் மட்டும் இறக்கிவிட்டு, ‘பாருங்கள், பயந்து ஏறிவிடுகிறார்’ என்று சொன்னால் எப்படி?

என் வீட்டுக்காரர் புது மெஷின் மாட்டிய முதல் நாள், தினமும் தான் படிக்கிற பேப்பர் இவ்வளவு சத்தம் போடுமா என்று கேட்டார். மூன்றாவது வாரம் அந்தச் சத்தம் அவருக்கு மறந்தே போனது.

தறிச் சத்தத்தில் கெடும் காதுக்கு முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். க, ச, த, ப எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘பால்’ என்றால் ‘கால்’ என்று கேட்கும். நீங்கள் கத்துவீர்கள், கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், அம்மா இன்னும் குழம்புவார். அந்தத் தறிக் கூலியில்தான் உங்கள் பள்ளிக்கூடச் செலவு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். கடன் பாக்கி என்று எழுதுங்கள். பெற்றவளுக்குச் செய்வதில் ‘அவ்வளவு போடலாமா’ என்ற கேள்வியே எனக்குப் பிடிக்காது. எதில் போடுவது என்று கேளுங்கள், அது நல்ல கேள்வி.

முதலில் காது டாக்டரிடம் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ‘கூய்’ சத்தத்துக்கு அதுவும் காரணம், காதுக்குள் போகும் அச்சு தளர்ந்துபோவதும் காரணம். அப்புறம் புதிதாக ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை, எடுக்க வேண்டும். 2016-ல் வைத்த அளவு இன்றைக்குப் பொருந்தாது. மெஷினை அளவு வைத்துத் தருபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்தானா என்று தயங்காமல் கேளுங்கள். மெஷின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அளவு வைப்பவர் கையில்தான் பாதி இருக்கிறது.

இரண்டு காதும் மந்தம் என்று நீங்களே எழுதிவிட்டு ஒன்று போதாதா என்கிறீர்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவும், இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரிக்கவும் இரண்டு காதும் வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் தவிர இரண்டும் வாங்குங்கள்.

புது மாடலில் ‘கூய்’ சத்தத்தைத் தானே அடக்கும் வசதி உண்டு. எதிரில் இருப்பவர் பேச்சை அதிகம் வாங்கி, பின்னால் உள்ள இரைச்சலைக் குறைக்கும் மைக்கும் உண்டு. ஆனால் கல்யாண மண்டபத்து மைக் செட்டை வெல்லும் மெஷின் இன்னும் வரவில்லை. அங்கே அம்மாவை இரைச்சலுக்கு முதுகு காட்டி, பேசுபவர் முகம் தெரியும்படி உட்கார வையுங்கள். சார்ஜ் வகை நல்லது. ராத்திரி டப்பாவில் வைத்தால் காலையில் தயார், தறி பிடித்த விரல்கள் பொத்தான் பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பேரப்பிள்ளை எடுத்து விழுங்கிவிடும் பயமும் இல்லை. மதுரை வெயிலுக்கு வியர்வை தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ப்ளூடூத் இருந்தால் போன் பேச்சு நேராக இரண்டு காதிலும் கேட்கும், ஆனால் எல்லா போனோடும் எல்லா மெஷினும் சேராது. கடைக்குப் போகும்போது அம்மாவின் போனைக் கொண்டுபோய் அங்கேயே ஒரு கால் போட்டுப் பாருங்கள்.

அம்மாவின் போன் என்கிறேன், உங்களுடையது இல்லை. ஆப்பை உங்கள் போனில் போட்டுக்கொள்வது அந்த பீரோ சாவிதான், வேறு ரூபத்தில். அம்மாவுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது உங்கள் விரலுக்கு எப்படித் தெரியும்? தறியில் நூல் அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டவருக்கு ஒரு பட்டனை நகர்த்தத் தெரியாதா? ஆப் வேண்டாம் என்றால் மெஷினிலேயே பட்டன் இருக்கிற மாடலாக வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் வீட்டில் வைத்துப் பார்க்கச் சில நாள் தருகிறார்களா என்று கேளுங்கள். அந்த நாட்களில் மிக்ஸி ஓடும்போதும், சிம்மக்கல் பக்கம் நடக்கும்போதும் அம்மா மெஷினோடு இருக்கட்டும். ஆடியாலஜிஸ்ட் “எப்படிக் கேட்கிறது?” என்று கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

பழைய மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது ரிப்பேருக்குப் போகும் நாளில் உதவும். ஆனால் அதை அம்மாவின் தலையணைப் பக்கம், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். பேட்டரி அட்டையும் அங்கேயே, பேரப்பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.