உதட்டுப் புண்ணா? முதலில் களிம்புக் குழாயை மூடுங்கள்

மார்கழிப் பனியில் எல்லா உதடும்தான் வெடிக்கும். அதற்குக் கடிதம் வேண்டாம், வாசலின் போதும். வந்த கடிதங்களில் மூன்று வாரத்தைத் தாண்டிய புண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வயது 68. வாயின் இரண்டு ஓரமும் ஏழெட்டு மாதமாக வெடித்திருக்கிறது. பி-காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டும் ஆறவில்லை. (மன்னார்குடி)

பல்செட் உண்டா என்று எழுதவில்லை. உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய செட் தேய்ந்தால் தாடைகள் நெருங்கி வாயோரம் மடியும். மடிப்பில் எச்சில் தேங்கும், கேண்டிடா பூஞ்சை குடியேறும். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் ஸ்டெபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் மேலண்ணத்தைப் பாருங்கள். செட் உட்காரும் இடம் சிவந்திருந்தால் தொற்றின் வீடு அதுதான். உதட்டுக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வரும். இரவில் செட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரானால் பூஞ்சைக்கான மைகோனசோல் ஜெல்லைத் தொடாதீர்கள். ரத்தக் கசிவு வரும்.

உதட்டில் புண். மருந்து எழுதவும். (ஊர் இல்லை)

மேலுதடா, கீழுதடா? எத்தனை நாள்? புகையிலை உண்டா? ஜோசியரிடம் போனால்கூடப் பிறந்த நேரம் சொல்கிறீர்கள்.

மெடிக்கல் கடையில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் இரண்டு நாளில் மறைகிறது, நிறுத்தினால் வருகிறது. ஒரு வருடமாக இப்படி. தொடரலாமா? (குத்தாலம்)

கூடாது. எத்தனை முறை எழுதியும் இந்தக் கடிதம் வராத மாதம் இல்லை. குழாயில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். குளோபெட்டசோல், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு இருக்கும். கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். அடியில் பூஞ்சை கொழிக்கும். தோல் மெலியும், வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவந்த பருக்கள் கிளம்பும். வந்திருப்பது ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளமாக இருந்தால் இன்னும் மோசம்.

போன வாரம் ஒரு அம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். கடைசிச் சொட்டுவரை பிதுக்கி, வெற்றிலைச் சுருள்போலச் சுருட்டி வைத்திருந்தார். "இது நாலாவது, டாக்டர்" என்றார், பெருமையாக. இவ்வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே சொல்லியாயிற்று. சொல்லி என்ன? கடைக்காரர் கொடுக்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள்.

நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரம் முன்னைவிடச் சிவக்கும். பயந்துபோய் மறுபடி போடாதீர்கள். வாசலின் மட்டும் போடுங்கள். உதட்டை நாக்கால் நக்காதீர்கள். குழாய், பற்பசை, உதட்டுச் சாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

மேலுதடு இரண்டு வருடமாக வீங்கி வீங்கி வடிந்தது. இப்போது வடிவதே இல்லை. வலி கிடையாது. டிபியாக இருக்குமா? (மயிலாடுதுறை)

இருக்கலாம், ஆனால் அது ஒன்றுதான் என்று இல்லை. ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிப்ரில் சாப்பிட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள். அவையும் உதட்டை வீங்க வைக்கும். நாக்கில் பிளவுகளும், எப்போதாவது முகவாதமும் இருந்தால், 1928-இல் மெல்கர்சனும் 1931-இல் ரோசன்தாலும் எழுதிய நோயை நினைக்க வேண்டும். பயாப்ஸியில், அதாவது சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையில், கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு தெரிந்தால் டிபி, சார்காய்டு என்ற அழற்சி நோய், குடலைத் தாக்கும் கிரோன் நோய் மூன்றையும் தேட வேண்டும். ஆகவே மார்பு எக்ஸ்ரே எடுங்கள், வயிற்றுப்போக்கு இருந்தால் மறைக்காதீர்கள். பல்வேரில் சீழ் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். சிலருக்கு அதோடு வீக்கம் குறைகிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று டிபி மாத்திரையை மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

நாகஸ்வரம் பயில்கிறேன். உதட்டில் அடிக்கடி நீர்க்கொப்புளம். (ஆடுதுறை)

ஒரே இடத்தில், சுருக்கென்று குத்திவிட்டு வந்தால் ஹெர்பிஸ். காய்ந்து உதிரும்வரை வாசிக்க வேண்டாம். அடுத்தவர் சீவாளியை வாயில் வைக்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். நக்காதீர்கள்.

அப்பாவுக்குக் கீழுதட்டில் வெள்ளையாகச் சொரசொரப்பு, ஆறு மாதமாக. வயல் வேலை, புகையிலையும் உண்டு. நடவு முடியட்டும் என்கிறார். (திருத்துறைப்பூண்டி)

வெயிலும் புகையிலையும் சேர்ந்த உதடு புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருக்கக்கூடும். பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும். நடவுக்கு வேறு ஆள் கிடைக்கும். நாளைக் காலையில் அவரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றுங்கள்.