பழைய காரின் கம்பெனி பெயிண்ட்: கடலோரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கீழக்கரை): என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டின் சிவப்பு மாருதி 800. பானெட் வெளுத்துவிட்டது, தொட்டால் கையில் பொடி ஒட்டுகிறது. முழு வண்டிக்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். வேறு வழி உண்டா, ஐயா?

பதில்: ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால், அது மேலே கிளியர் கோட் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற காப்புப் பூச்சு) இல்லாத ஒற்றைப் பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பின் பிசினைச் சிதைத்ததால் நிறத்துகள்கள் பிடிப்பிழந்து நிற்கின்றன. அடியில் நல்ல நிறம் பெரும்பாலும் மிச்சமிருக்கும். ஆகவே வண்டியைக் கழுவி, நிழலில் தகடு ஆறிய பிறகு, மென்மையான பாலிஷைக் கையால் ஒரு சாண் அளவு இடத்தில் இட்டுப் பார்த்து, பளபளப்பு திரும்பினால் மட்டும் தொடருங்கள். முடிவில் வாக்ஸ் பூசுங்கள். ரப்பிங் காம்பவுண்டை (பெயிண்ட்டைத் தேய்த்தெடுக்கும் பசை) மெஷினில் போட்டு ஒரே நாளில் மின்ன வைப்பதாகச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பெயிண்ட்டின் தடிமன் சுமார் 100 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விளிம்புகளில் அதனினும் குறைவு. அங்கே மெஷின் பட்டால் நிறத்துக்கு அடியில் உள்ள ப்ரைமர் பூச்சு தெரிந்துவிடும்.

கேள்வி (தங்கச்சிமடம்): அடிக்கடி தனுஷ்கோடி சென்று வருகிறேன். வந்தவுடன் துணியால் துடைத்தும் வண்டி முழுதும் கோடுகள் விழுகின்றனவே?

பதில்: துடைப்பதால்தான் விழுகின்றன. அரிச்சல்முனைச் சாலையில் காற்று வாரியடிக்கும் மணலும் உப்பும் படிந்த தகட்டில் உலர்ந்த துணி உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டு, பிறகு கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வாக்ஸையும் சேர்த்தே கழுவிவிடும். நம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால், கடைசி இரண்டு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். அது தானாகக் காயுமுன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மேல்தகட்டைவிடச் சக்கர வளைவுகளும், கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். தண்ணீரில் பாதியை அங்கே செலவிடுங்கள்.

கேள்வி (மண்டபம்): 2008ஆம் ஆண்டின் வெள்ளி நிறக் காரின் கூரையில் மேல்பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருக்கிறது. எந்தப் பாலிஷ் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். உரிந்தது கிளியர் கோட். அதைப் பாலிஷ் திருப்பித் தராது, உரியும் விளிம்பைத்தான் பெரிதாக்கும். கூரைக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, மற்ற தகடுகளின் கம்பெனி பெயிண்ட்டை விட்டுவைக்கலாம். வண்டியிலுள்ள நிறக் குறியீட்டைக் குறித்துப் பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): கார் கவர் போடலாமா?

பதில்: கொட்டகைக்குள், கழுவி உலர்ந்த வண்டிக்குப் போடலாம். திறந்தவெளியில் வேண்டாம், காற்றில் படபடக்கும் கவர் அடியில் சிக்கிய மணலோடு நாள் முழுதும் உரசும்.