வயலின் வாங்கப் போகிறவர்களுக்கு: கல்லடி விறாந்தைக் கேள்வி பதில்

விஜயதசமிக்குப் பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் அதற்கு முந்தின இரண்டு கிழமையும் என்னைத் தேடுவார்கள். நான் மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு விறாந்தையில் இருந்து வயலின் திருத்துகிறவன். பின்னேரங்களில் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த முறை எல்லாரையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கே (களுவாஞ்சிக்குடி): சேர், 18,500 ரூபாவுக்கு வயலின், வில், பெட்டி, வில்லில் பூசும் ரோசின் பிசின் எல்லாம் சேர்த்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மகளுக்கு 9 வயது. வாங்கலாமா?

ப: அம்மா, விலை குறைவு என்பதற்காக நான் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த விலைக்கு வருவது முக்கால்வாசி முடிந்த வேலை. மிச்சக் கால்வாசியை யாராவது கையால் முடிக்க வேண்டும். அதற்குக் காசு ஒதுக்காமல் வாங்கினால்தான் வம்பு.

என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். குதிரையை எடுங்கள், அதாவது வயலின் முகத்தில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் கட்டை. பெட்டிக்குள் தனியாகக் கடதாசியில் சுற்றி வரும். அதன் கால்கள் வயலின் முகத்தின் வளைவுக்கு ஏற்பச் சீவப்பட்டிருக்காது, உயரமும் கூட. அடுத்தது நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் ஏறி வரும் அந்தச் சின்னக் கட்டை. அந்த இடத்தில் கம்பிக்கும் விரல் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்ட் தொட்டும் தொடாமலும் நுழைந்தால் சரி. மலிவு வயலின்களில் நாலைந்து கார்ட் போகும். பிறகு பிருடைகள், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆணிகள். அவை 30 மில்லிமீற்றருக்கு 1 மில்லிமீற்றர் என்று ஒடுங்கி, துவாரமும் அதே அளவில் ஒடுங்கினால்தான் பிடித்து நிற்கும். பிடிக்காவிட்டால் பிள்ளை 'ஸ' வாசித்து 'ப' வருவதற்குள் சுருதி இறங்கிவிடும்.

போன வருஷம் ஒரு பிள்ளை வந்தாள். மூன்று மாதம் வேறு இடத்தில் படித்தவள். விரல் நுனியில் கத்தியால் கீறினது போலக் கோடுகள். "எனக்குக் கை வராது சேர்" என்றாள். வயலினை வாங்கிப் பார்த்தேன், நட் அவ்வளவு உயரம். 20 நிமிஷம் அரம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சரளி வரிசை வாசித்தாள். கை நன்றாகத்தான் இருந்தது. விற்ற கடைக்காரர் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

கே (ஏறாவூர்): 7 வயதுக்கு எந்த அளவு?

ப: வயதைச் சொல்லி அளவு கேட்காதீர்கள். இடக்கையை நீட்டச் சொல்லி, கழுத்தடியில் இருந்து உள்ளங்கை நடுவரைக்கும் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 58 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் முழு அளவு, 4/4. அதற்குக் குறைய 3/4, 1/2, 1/4 என்று இறங்கும்.

கே (காத்தான்குடி): மகளுக்கு இளஞ்சிவப்பு வயலின்தான் வேணுமாம். சத்தத்தில் வித்தியாசம் இருக்குமா?

ப: இருக்கும் தம்பி. வயலின் முகம் மெல்லிய ஸ்பிரூஸ் பலகை, அது அதிர வேண்டும். தடித்த பெயின்ற் அதைப் போர்த்திக் கிடக்கும். ஓரத்தில் ஓடும் கறுப்புக் கோட்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நல்ல வயலினில் அது மரத்தில் பதித்தது, மலிவில் வரைந்தது. விரல் பலகையும் அப்படித்தான். கருங்காலியாக இருக்க வேண்டும், நம் நாட்டுக் காட்டு மரம்தான். மலிவில் வெளிறிய மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். ஒரு மாதத்தில் மகளின் விரலும் கறுக்கும்.

கே (திருக்கோவில்): பெட்டி திறந்து வில் வைத்து இழுத்தால் சத்தமே வரவில்லை. பழுதான சாமானா?

ப: ரோசின் பூசினீர்களா? புது வில்லில் ரோசின் இல்லாவிட்டால் அதில் கட்டிய குதிரைவால் மயிர் கம்பியில் வழுக்கும், காற்றுச் சத்தம்தான் வரும். ரோசின் கட்டியின் மேல் கண்ணாடி போல மினுக்கம் இருந்தால் முதலில் மண்தாளால் மெல்ல உரசுங்கள். பிறகு வில்லை அதன் மேல் ஓட்டுங்கள். வாசித்து முடிந்ததும் வில்லின் திருகைத் தளர்த்தி வையுங்கள்.

கே (காரைதீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்): நீங்கள் பெற்றோரைப் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் படித்த காலத்தில் ஓர் ஓட்டை வயலினை மூன்று பேர் மாறி மாறி வாசித்தோம். ஞானம் இருக்கிற பிள்ளைக்கு எதிலும் வரும்.

ப: ஐயா, யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த மண்ணில் இருந்து இசையைப் பற்றிச் சொல்கிறீர்கள், மறுத்துப் பேசக் கூசுகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த ஓட்டை வயலினுக்குக் குதிரை வெட்டியது யார்?

கே (அதே ஆசிரியர்): எங்கள் குருதான். கத்தியால் சீவுவார். அதனால் என்ன?

ப: அதனால்தான் எல்லாமே, ஐயா. உங்கள் வயலின் பார்வைக்கு ஓட்டை. வாசிக்கிறவர் ஒருவர் கையால் சீவிச் சரிப்படுத்தினது. இன்றைய பிள்ளைக்குக் கிடைப்பது பார்வைக்குப் புதுசு, யாருமே வாசித்துப் பார்க்காதது. இன்னொன்று, கர்நாடக சுருதிக்கு நாங்கள் கம்பிகளை மேற்கத்தியக்காரரை விட நன்றாகத் தளர்த்துகிறோம். மலிவுக் கம்பி அப்படித் தளர்ந்தால் தொய்ந்து, அடைத்த குரல் மாதிரி ஆகிவிடும். அதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, பழகும் பிள்ளைக்குத் தான் தொட்ட இடம் சரியா பிழையா என்றே கேட்காது.

கே (கொக்கட்டிச்சோலை): 6 வயதுக்கு 3/4 சரியா?

ப: ஏறாவூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே (மட்டக்களப்பு நகர்): அங்கிள், நாங்கள் பறங்கியர். பாட்டா கலியாண வீடுகளில் எங்கள் கபரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்த வயலின் அலுமாரியில் கிடக்கிறது. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் என்று லேபல், 1721 என்று வருஷம். புதுசு வாங்காமல் இதைத் தம்பிக்குக் கொடுக்கலாமா? இல்லை, விற்றால் கோடி வருமா?

ப: கோடி வராது மகன். ஸ்ட்ராடிவாரி, பேர்போன இத்தாலிய வயலின் தச்சர், 1737இல் இறந்தவர். அவர் பெயர் போட்ட லேபலை ஜெர்மனியிலும் இன்றைய செக் நாட்டுப் பகுதியான போஹேமியாவிலும் 19ஆம் நூற்றாண்டில் இருந்து ஆயிரக்கணக்கில் அச்சடித்து ஒட்டினார்கள். 'இந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது' என்பதுதான் அதற்கு அர்த்தம். லேபலின் அடியில் சின்னதாக 'மேட் இன் ஜெர்மனி' என்று இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். இறக்குமதிச் சாமான்களில் செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. ஆகவே அப்படி இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தினது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918க்குப் பிறகுதான், அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை.

ஆனால் தம்பிக்கு அதைத்தான் கொடுங்கள்! அந்தக் காலத்து மலிவு வயலின் பலதில் மரம் நன்றாக உலர்ந்திருக்கும். கொண்டுவரும்வரை கம்பிகளை எல்லாம் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். உள்ளே நிற்கும் சின்னக் குச்சி, சவுண்ட் போஸ்ட், ஒட்டி வைத்ததல்ல. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கழற்றினால் விழக்கூடும்.

கே (காரைதீவு ஆசிரியர்): பார்த்தீர்களா, பழசுதான் நல்லது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ப: ஐயா, பழசு என்பதால் இல்லை, பாட்டா வாசித்தது என்பதால். யாரும் தொடாத பழசும் என்னிடம் வருகிறது. கரையான் அரித்தது, கழுத்து முன்னுக்குச் சரிந்தது, முகப்பலகை நீளத்துக்கு வெடித்தது. அதைத் திருத்துகிற காசுக்கு இரண்டு புது வயலின் வாங்கலாம்.

கே (காரைதீவு ஆசிரியர்): சரி, அரைவாசி ஒத்துக்கொள்கிறேன்.

ப: மிச்ச அரைவாசிக்கு வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசலாம்.

கே (வாழைச்சேனை): வாங்கி ஒரு வருஷம். மழைக்குப் பக்கப்பலகை வாய் பிளந்துவிட்டது. சுப்பர் குளூ விட்டேன், ஒட்டிவிட்டது. போதும்தானே?

ப: ஐயோ தம்பி. வயலினை ஒட்டுவது தோலில் காய்ச்சிய பசையால். பலகை இழுபட்டால் மரம் வெடிக்காமல் பசை விடும், அதற்காகவே அந்தப் பசை. சுப்பர் குளூ விடாது, அடுத்த வறண்ட கச்சான் காற்றுக்கு மரம்தான் வெடிக்கும். நம் ஊரில் ஐப்பசி மழைக்குப் பிருடை ஊதி இறுகும், கச்சானில் சுருங்கி வழுகும். வாங்கும்போதே விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள், பிளந்த இடம் கரகரக்கும். சுப்பர் குளூ மட்டும் வேண்டாம்.

கே (அக்கரைப்பற்று): கிற்றாருக்கு நல்ல கம்பி எது?

ப: கிற்றார் வாசிக்கிறவரைக் கேளுங்கள்.

கே (தம்பிலுவில்): பிருடை வழுகுகிறது. சுப்பர் குளூ ஒரு துளி...

ப: வேண்டாம்! சுண்ணக்கட்டி கொஞ்சம் பூசி, திருகும்போது உள்ளே அழுத்தித் திருகுங்கள்.

கே (ஆரையம்பதி): 8 வயதுப் பிள்ளை. வளர்ந்தாலும் பாவிக்கலாமே என்று 4/4 வாங்கிவிட்டோம்.

ப: சப்பாத்தை அப்படி வாங்குவீர்களா? கை எட்டாமல் மணிக்கட்டை மடித்துப் பழகுவாள், அதை மாற்ற எனக்கு இரண்டு வருஷம் வேணும். அதைப் பத்திரமாக வையுங்கள். இப்போதைக்குச் சின்னதொன்று வாடகைக்கோ இரவலுக்கோ பாருங்கள். வளர்ந்துவிட்ட என் மாணவர்கள் சிலரின் வீட்டில் 1/2 சும்மா கிடக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.

கே (திருக்கோவில், முன்பு கேட்டவர்): சேர், ரோசினைக் கம்பியில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். இன்னும் சத்தம் வரவில்லை.

ப: வில்லில் தம்பி, வில்லில்.