காத்திருப்பதற்குத்தான் காசு: சாங்கியிலிருந்து ஹோட்டல் வரை

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஊரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அதோடு சேர்ந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையே சுற்றும். இந்த முறை ஐந்து கேள்விகளுக்கு இடம் கிடைத்தது.

கேள்வி: திருச்சியிலிருந்து அப்பா, அம்மா, தங்கை, தங்கை கணவர், 3 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எங்களுடையது மூவறை வீடு, எல்லாரும் படுக்க இடமில்லை. அதனால் சிராங்கூன் ரோடு பக்கம் ஹோட்டல் போட்டிருக்கிறோம். விமானம் புதன்கிழமை அதிகாலை 5.40க்கு இறங்குகிறது. ஹோட்டல் பதிவு செய்த தளத்திலேயே “தனியார் கார், ஏழு இருக்கை, 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)” என்று காட்டுகிறது. எடுக்கலாமா, டாக்சியே போதுமா? நானும் வரவேற்கப் போவேன். – தெம்பனிஸ் வாசகி

பதில்: அந்த ஏழு இருக்கை காரை எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டாக்சிக் கணக்கு. ஒரு டாக்சியில் நாலு பேர்தான், ஆகவே உங்களுக்கு இரண்டு வண்டி வேண்டும். சாங்கியில் ஏறினால் மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் உண்டு: மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை 8 வெள்ளி, மற்ற நேரங்களில் 6 வெள்ளி. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடும். வார நாளில் 6 மணிக்குப் பிறகு, காலை நெரிசல் நேரத்தில் கால் பங்கு கூடும். 5.40க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர எப்படியும் ஆறரை ஆகிவிடும். மீட்டர் 22 வெள்ளி காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு 5.50, அதன்மேல் 6. ஒரு வண்டிக்கு 33.50, இரண்டுக்கு 67 வெள்ளி.

75க்கும் 67க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். பிரச்சினை பணத்தில் இல்லை, வண்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஏழு இருக்கை கார் என்பது ஓட்டுநரையும் சேர்த்துத்தான். மூன்றாவது வரிசை இருக்கையை நிமிர்த்திவிட்டால், அதற்கும் பின்கதவுக்கும் நடுவே இரண்டு கைப்பெட்டியைச் செருகலாம், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள் என்றால் என்ன வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பெரிய பெட்டி, நைலான் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் ஊறுகாயும் முறுக்கு டின்னும். வாசலில் நிற்கும் ஓட்டுநர் இதைப் பார்த்ததும் தலையைச் சொறிவார். கடைசியில் இன்னொரு டாக்சியும் பிடிக்க வேண்டிவரும். நீங்களும் ஏறினால் ஏழு பேர், அப்போது அந்தக் காரில் இருக்கையே பற்றாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் ஏறினால் அவர்களுக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். டாக்சிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் காரும் நீங்கள் பதிவு செய்யும் தனியார் வாடகைக் காரும் விலக்கில் வராது. உங்கள் தங்கை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருக்கை வேண்டும். அந்த 75 வெள்ளியில் அது அடங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தனியாக விலை போட்டிருப்பார்கள். கேட்காமல் விட்டால், ஓட்டுநர் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும்போது அவர் மீது கோபப்பட முடியாது. மாட்டிக்கொள்வது அவர்தான்.

ஆக, இரண்டு டாக்சி. நீங்கள் ஒன்றில், தங்கை கணவர் ஒன்றில். ஹோட்டல் பெயரையும் முகவரியையும் அவர் கைப்பேசிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பிரிந்து போவதற்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் பெரிய வேன், அதாவது 13 இருக்கை மினிபஸ் பதிவு செய்யுங்கள். விலை கூடும், ஆனால் அட்டைப்பெட்டிக்கும் இடம் இருக்கும். முன்பதிவே செய்யாமல் போனாலும் வருகை மண்டபத்தில் தரைப் போக்குவரத்துச் சேவை முகப்பு இருக்கிறது. பெரிய வண்டியை அங்கேயே கேட்கலாம், கட்டணம் இவ்வளவு என்று ஏறுமுன்பே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: என் மாமா, வயது 74, சென்னையிலிருந்து தனியாக வருகிறார். ஆங்கிலம் தெரியாது. விமானம் நள்ளிரவு 12.20க்கு வருகிறது, எனக்கு அன்று இரவு வேலை. தனியார் கார் என்றால் தண்டச் செலவு என்கிறார் என் கணவர். – பொங்கோல் வாசகி

பதில்: உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இந்த ஒரு இடத்தில் அது தண்டச் செலவில்லை.

இந்தச் சேவையில் நீங்கள் வாங்குவது காரை அல்ல, ஒருவர் காத்திருப்பதை. கார் சாங்கியில் எப்போதும் கிடைக்கும், நள்ளிரவிலும் டாக்சி வரிசை நகரும். ஆனால் கதவு திறந்து வெளியே வரும் 74 வயது ஆளின் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பது காசு கொடுத்தால்தான் நடக்கும். அதனால் விளம்பரத்தில் காரின் படத்தைப் பார்க்காமல் காத்திருப்பு விதியைப் படியுங்கள்.

ஓட்டுநர் உள்ளே வந்து பெயர்ப் பலகையோடு நிற்பாரா, இல்லை, ஏற்றுமிடத்தில் காருக்குள் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாரா? இரண்டும் வேறு வேறு சேவை, விலையும் வேறு. மாமாவின் இந்திய சிம் இறங்கியதும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இலவச வைஃபை இருந்தாலும் அதில் நுழைய அவரால் ஆகாது. எனவே உள்ளே வந்து நிற்பவர்தான் வேண்டும்.

இலவசக் காத்திருப்பு எத்தனை நிமிடம், எப்போதிருந்து எண்ணுவார்கள்? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “60 நிமிடம் இலவசம்” என்று போட்டிருக்கும். அது விமானம் உண்மையில் தரை தொட்ட நேரத்திலிருந்தா, டிக்கெட்டில் போட்ட நேரத்திலிருந்தா, நீங்கள் படிவத்தில் நிரப்பிய நேரத்திலிருந்தா? சென்னை விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால், இரண்டாவது மூன்றாவது வகை விதிப்படி மாமா விமானத்தில் இருக்கும்போதே இலவச நேரம் தீர்ந்துவிடும். முதல் வகையாக இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். இரவு நேரத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தேதி. மாமா 14ஆம் தேதி சாயங்காலம் சென்னையில் ஏறுகிறார், டிக்கெட்டில் பெரிதாக 14 என்றுதான் இருக்கும். நம் நேரம் அங்கிருந்து இரண்டரை மணி முன்னே. 12.20 என்பது 15ஆம் தேதி. 14 என்று பதிவு செய்தால் ஓட்டுநர் ஒரு நாள் முன்னதாக வந்து நின்றுவிட்டு, “பயணி வரவில்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பணமும் போய்விடும்.

விமான எண். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். என் மாமியார் கோலாலம்பூர் வழியாக வந்தபோது, நான் திருச்சியிலிருந்து கிளம்பும் முதல் விமானத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். நிறுவனம் அந்த விமானத்தைத்தான் கண்காணித்தது. அது கோலாலம்பூரில் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது. சிங்கப்பூருக்கு வரும் அடுத்த விமானம்தான் தாமதம். ஓட்டுநர் குறித்த நேரத்துக்கு வந்து, காத்திருந்து, போய்விட்டார். மாமியார் அங்கிருந்த ஒரு குடும்பத்தின் கைப்பேசியை வாங்கி என்னைக் கூப்பிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாயில்லை. சிங்கப்பூரில் தரையிறங்கும் விமானத்தின் எண் எதுவோ, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

முனையம் எண்ணையும் சரிபாருங்கள். ஸ்கூட் முனையம் 1, ஏர் இந்தியா முனையம் 2. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2ஆகவும் இருக்கலாம், 3ஆகவும் இருக்கலாம். உங்கள் மாமாவிடம் ஒரு தாளில் போக வேண்டிய முகவரி, உங்கள் எண், “எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும்” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் தமிழராக இருக்க வேண்டும் என்று குறிப்பில் கேட்டுப் பார்க்கலாம், தவறில்லை. உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: முன்பணம் 68 வெள்ளி கட்டிப் பதிவு செய்த கார் வரவே இல்லை. 50 நிமிடம் நின்று, டாக்சியில் போனோம். நிறுவனம் “ஓட்டுநர் வந்தார், நீங்கள்தான் வரவில்லை” என்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? – அங் மோ கியோ வாசகர்

பதில்: உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டுநரைக் கூப்பிட்ட அழைப்புப் பதிவு, நேரம் தெரியும் வாட்ஸ்அப் உரையாடல், டாக்சி ரசீது ஆகியவற்றை முதலில் ஒன்று சேர்த்து வையுங்கள். நின்ற கதவின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. எடுக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம், டாக்சி ரசீதில் ஏறிய நேரம் இருக்கும்.

பிறகு தொலைபேசியில் வாதாடாமல் எழுத்தில் கேளுங்கள். ஓட்டுநர் எந்த முனையத்தில், எந்தக் கதவில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றார், உங்களை எத்தனை முறை அழைத்தார் என்று கேளுங்கள். நின்றது உண்மையானால் அவர்களிடம் பதில் இருக்கும். பெரும்பாலும் வேறு முனையத்தில் நின்றிருப்பார்.

நீங்கள் பணம் கட்டியது யாருக்கு என்று ரசீதைப் பாருங்கள். பல தளங்கள் வெறும் இடைத்தரகர்கள். வண்டி ஓட்டுவது இங்குள்ள வேறொரு நிறுவனம். யாருக்குக் கட்டினீர்களோ அவரிடம்தான் கேட்க வேண்டும். “ஓட்டுநர் நிறுவனத்தைக் கேளுங்கள்” என்று தளம் கைகழுவினால் விடாதீர்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கிக்கும் எழுதி, கிடைக்காத சேவைக்கான தொகை என்று ஆட்சேபம் தெரிவியுங்கள். வெளிநாட்டுத் தளம் என்றால் இதுதான் வேகமான வழி.

நிறுவனம் சிங்கப்பூரில் உள்ளது என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையான வழக்குகளை அது ஏற்கும், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இடமில்லை. 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. 68 வெள்ளிக்கு அவ்வளவு தூரமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கே போவேன் என்று தேதி குறிப்பிட்டு எழுதும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

கேள்வி: வருகை மண்டபத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, “சிட்டிக்கு 25 வெள்ளி, வாங்க” என்று தமிழிலேயே கூப்பிட்டார். மலேசியப் பதிவு எண் கொண்ட கார். போயிருக்கலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: கூடாது. தனியார் வாடகைக் கார் முன்பதிவு செய்தவரை மட்டும்தான் ஏற்றலாம், ஆள் பிடிக்கக் கூடாது. உரிமம் பெற்ற காரின் முன், பின் கண்ணாடிகளில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒட்டுவில்லை இருக்கும். அது இல்லாத காரில் விபத்து நடந்தால் காப்புறுதி உங்களுக்குக் கைகொடுக்காமல் போகலாம். பிடிபட்டால் ஓட்டுநருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரையும் பறிமுதல் செய்யலாம். தமிழில் பேசினார் என்பதற்காக நம்பிப் போவது நம் ஆட்களிடம் உள்ள பழக்கம், அதை அவர்களும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு நண்பர்கள், தோள்பை மட்டும்தான். மதியம் 2 மணிக்கு இறங்குகிறோம், ஜாலான் புசாரில் தங்குகிறோம். எந்தக் காரைப் பதிவு செய்யலாம்? – கோயம்புத்தூரிலிருந்து

பதில்: எதையும் வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் ஏறி, ஒரே நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் இறங்கி, டௌன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அது நேராக ஜாலான் புசார் வரை போகும். ஆளுக்கு மூன்று வெள்ளிகூட ஆகாது. தட்டிப் பணம் கட்டும் வங்கி அட்டை இருந்தால் வாயிலில் அதையே காட்டலாம், வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கட்டணம் சேரும். வருமுன் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டைக்கு மட்டும் யாருக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம்.